ரிஷிவேலிப் பள்ளியின் வரலாறும் சிறிய தமிழ்ப்பள்ளிகளும்: ஒரு திறனாய்வு

முற்போக்குத் தனியார் விடுதிப்பள்ளிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றைத் தோற்றுவித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1901இல் தொடங்கிய சாந்திநிகேதனப் பள்ளி என்றால் தாகூர். 1921இல் தொடங்கிய சம்மர்ஹில் என்றால் நீல். ரிஷிவேலி என்றால் ஜே. கிருஷ்ணமூர்த்தி. இத்தகைய வரலாறுகளில் ஒரு வினா விடுபட்டுப் போகிறது. பள்ளியின் எல்லைக்கு வெளியே வாழ்ந்த பிள்ளைக்கு அதனால் விளைந்த பயன் யாது என்பதே அவ்வினா. அதனைக் கொண்டு ரிஷிவேலியின் வரலாற்றை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஜெஞ்சாரோம், பந்திங், கேரித்தீவு முதலிய வட்டாரங்களின் சிறிய தமிழ்ப்பள்ளிகளில் கற்பிப்போர்க்கு இவ்வினா வெறும் ஏட்டு வினா அன்று என்பதை இறுதியில் காண்போம்.

ஆந்திர மாநிலத்தின் மதனப்பள்ளியில் 1895இல் பிறந்தவர் கிருஷ்ணமூர்த்தி. அவ்வூருக்கு அருகிலுள்ள பள்ளத்தாக்கில் 1920களின் நடுப்பகுதியில் கல்விப்பணிக்கென நிலம் தெரிவு செய்யப்பட்டது. சென்னைக் கிண்டியில் பிரம்மஞான சபையினர் நடத்திய பள்ளி 1930களின் தொடக்கத்தில் அங்கு இடம் மாறியது. இதற்கிடையே, 1929இல், தம்மை உலக ஆசானாகப் போற்றிய அமைப்பைக் கிருஷ்ணமூர்த்தி தாமே கலைத்தார். அச்சமும் ஒப்பீடும் கற்றலுக்குத் தடை என்பது அவர்தம் கல்விக் கொள்கையின் சாரம். 1950களில் எப். கோர்டன் பியர்ஸ் முதல்வராகப் பொறுப்பேற்றபின் பள்ளி உறுதியான அமைப்பைப் பெற்றது.

இக்கொள்கையின் உயர்வை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அது நடைமுறைக்கு வந்த சூழலையும் உடன்வைத்து நோக்க வேண்டும். கட்டணம் செலுத்த இயன்ற பெற்றோர், ஆங்கிலப் பயிற்று மொழி, சிறிய வகுப்பு, மாணவரோடு ஒரே வளாகத்தில் வாழும் ஆசிரியர் ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்த இடத்தில் அச்சமற்ற கல்வியைப் பேணுவது ஓரளவு எளிது. இவை இல்லாத இடத்திலும் அக்கொள்கை நிலைக்குமா என்பதே அதற்குரிய உண்மையான தேர்வு எனலாம்.

அத்தேர்வு 1980களில் அப்பள்ளத்தாக்கிலேயே தொடங்கியது. சுற்றுச் சிற்றூர்களின் ஏழைப் பிள்ளைகளுக்காகக் கட்டணமற்ற ஓராசிரியர் பகல் பள்ளிகள் நிறுவப்பட்டன. அங்குத் தெலுங்கே பயிற்று மொழி. ஓர் அறை, ஓர் ஆசிரியர், பல வயதுப் பிள்ளைகள் என்ற நிலைக்கு ஏற்ற கற்பித்தல் முறையைப் பத்மநாப ராவும் ரமாவும் உருவாக்கினர். பாடப்பொருள் சிறு சிறு படிகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு படிக்கும் அட்டைகள் ஆக்கப்பட்டன. சுவரில் தொங்கும் ஏணிப்படத்தில் தன் இடத்தைக் கண்டு, உரிய அட்டையை எடுத்து, உரிய குழுவில் பிள்ளை அமரும். சில குழுக்களுக்கு ஆசிரியர் துணை முழுமையாகவும், சிலவற்றுக்குப் பகுதியாகவும் கிட்டும்; சிலவற்றில் பிள்ளைகள் தமக்குள்ளேயே கற்பர். விடுப்பெடுத்துத் திரும்பிய பிள்ளை விட்ட படியிலிருந்தே தொடரலாம். அறுவடைக் காலத்தில் பள்ளிக்கு வராத பிள்ளையைப் பின்தங்கியவன் என ஒதுக்காத அமைப்பு இது. ஒப்பீட்டை நீக்குதல் என்னும் கொள்கை இங்கு அறிவுரையாக நில்லாமல் கற்பித்தல் கருவியாகவே உருப்பெற்றது.

இம்முறை தமிழகத்திற்கு வந்த வரலாறு தனியே குறிப்பிடத்தக்கது. எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, 2003இல், மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் இது தமிழில் தொடங்கப்பட்டது. ஆசிரியர்கள் ரிஷிவேலிக்குச் சென்று பயிற்சி பெற்றனர். 2007இல் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் மாநிலத்தின் 37,000க்கும் மேற்பட்ட தொடக்கப்பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. பிள்ளைகள் தரையில் அமர்ந்து எழுதத்தக்க தாழ்வான கரும்பலகைகள் அவ்வகுப்பறைகளின் அடையாளமாயின.

எனினும் விரிவில் ஓர் இழப்பும் நேர்ந்தது. சிற்றூர் ஆசிரியர் தம் வகுப்பின் தேவைக்கேற்ப ஆக்கிய அட்டைகள் வேறு. அரசு அச்சிட்டு அனைவர்க்கும் வழங்கிய அட்டைகள் வேறு. ஒரு சீரான ஆணையாக வந்தபோது, ஆக்கியோர் என்ற நிலையிலிருந்து ஆசிரியர் அட்டை வழங்குவோர் என்ற நிலைக்கு இறங்கும் வாய்ப்பு மிகுந்தது. பின்னர் அம்முறை எளிமையாக்கப்பட்டது. 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. கருவி பரவிய வேகத்தில் அதனை ஆக்கும் ஆற்றல் பரவவில்லை என்பதே நம் கணிப்பு.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டந்தோறும் பள்ளி அமைய வழிகோலியது. 1957இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530 ஆகக் குறைந்துள்ளன. கோலலங்காட் வட்டாரத்தில் தோட்ட மக்கள் கிள்ளானுக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்தபின் பல பள்ளிகளில் மாணவர் தொகை சுருங்கியது. 150க்கும் குறைந்த மாணவர் கொண்ட பள்ளி குறைந்த மாணவர் பள்ளி எனப்படுகிறது. மிகச் சிறிய பள்ளிகளில் இரண்டு ஆண்டு மாணவர் ஒரே அறையில் கற்கும் நிலையும் உண்டு. இதனை நாம் பெரும்பாலும் ஒரு குறையாகவே பேசி வருகிறோம். ஆனால் ரிஷிவேலியின் சிற்றூர்ப் பள்ளிகள் கலப்பு வகுப்பைக் குறையாகக் கொள்ளவில்லை; கற்பித்தலைத் திட்டமிடும் தொடக்கப் புள்ளியாகவே கொண்டன. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டதால் தரவரிசை அழுத்தம் குறைந்துள்ள இக்காலம் அத்தகைய முயற்சிக்கு ஏற்றது.

அதற்காக அயல்நாட்டு அட்டைகளை அப்படியே இறக்குமதி செய்தல் தீர்வாகாது. தமிழகத்தின் படிப்பினை அதனையே எச்சரிக்கிறது. செம்பனைத் தோட்டமும் தொழிற்பேட்டையும் சூழ வளரும், மலாயும் தமிழும் ஒருசேரக் கேட்கும் பிள்ளைக்கான ஏணியை நம் ஆசிரியரே அமைத்தல் வேண்டும். அதற்கான நேரத்தையும் பயிற்சியையும் அவர்களுக்குப் பெற்றுத் தருவதில் பல்கலைக்கழகத் தமிழ்க்கல்விக்கும் பங்குண்டு. ரிஷிவேலியின் வரலாற்றில் விடுதிப்பள்ளியின் புகழைக் காட்டிலும், ஓர் அறைப் பகல் பள்ளிகளில் ஆசிரியர் ஆக்கிய அட்டைகளே நம் ஆய்வுக்கு முதன்மையாக உரியவை.