இலச்சினையில் தமிழ் எழுத்து: எழுத்துருத் தேர்வின் அளவுகோல் குறித்து ஒரு திறனாய்வு

ஒரு நிறுவனத்தின் பெயரை இலச்சினையாக்கும்போது எழுத்துருத் தேர்வு பெரும்பாலும் மனநிலை பற்றிய உரையாடலாகவே தொடங்குகிறது. நுனிகளில் சிறுகோடு தாங்கும் செரிஃப் வடிவு பழைமையை உணர்த்தும், அக்கோடற்ற வடிவு புதுமையை உணர்த்தும், உருண்டை வடிவு நட்பை உணர்த்தும் என்பன வடிவமைப்புத் துறையில் வழங்கும் வாய்பாடுகள். இவை உரோமன் எழுத்தின் அச்சு வரலாற்றில் விளைந்தவை. 2010இல் அமெரிக்காவின் கேப் ஆடை நிறுவனம் தன் செரிஃப் இலச்சினையைக் கைவிட்டு ஹெல்வெடிகாவுக்கு மாறியது; எதிர்ப்பு வலுக்கவே சில நாள்களில் பழைய வடிவுக்கே திரும்பியது. உரோமன் எழுத்தைப் படிப்போரிடம் அவ்வாய்பாடுகளுக்கு உள்ள பிடிப்பை இது காட்டுகிறது. ஆனால் அவ்வரலாற்றில் பங்குபெறாத தமிழ் எழுத்துக்கும் அவற்றையே அளவுகோலாகக் கொள்வது பொருந்தாது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இந்நிலைப்பாட்டுக்கு இக்கட்டுரையாளரை இட்டுச்சென்றது ஒரு சிறு வடிவமைப்புப் பணி. மரச்செக்கு நடத்தும் ஒருவர் தம் குப்பிகளுக்கு இலச்சினை கேட்டார். ஆங்கிலப் பெயர் ஏற்கெனவே ஃபியூச்சரா எழுத்துருவின் கனத்த வடிவில் அமைந்திருந்தது. 1927இல் பால் ரென்னர் வெளியிட்ட ஃபியூச்சரா வட்டத்தையும் நேர்கோட்டையும் அடிப்படையாகக் கொண்டது. தமிழ்ப் பெயரும் ‘அதே மாதிரி’ இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். பெயரின் இறுதிச் சொல் ‘எண்ணெய்’.

சோதனைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் அரிது. மூன்று சுழி ணகரம் இருமுறை வருகிறது; புள்ளி இரண்டு; இடையில் ஓர் ஒற்றைக்கொம்பு. கனத்த உருண்டை எழுத்துரு ஒன்றில் இச்சொல் திரையில் அழகாகவே நின்றது. குப்பி மூடியின் அளவுக்குச் சுருக்கியதும் சுழிகளுக்கிடையிலான வெளி அடைபட்டது. ணகரம் னகரமாகவும் படிக்கத்தக்க ஒரு கறையாயிற்று. எண்ணெய் என்பதை வாங்குவோர் பழக்கத்தால் ஊகித்துக்கொள்வர். ஆனால் பெயர் ‘மணம்’ என்றிருந்தால் அது ‘மனம்’ ஆகிவிடும். இரண்டும் பொருளுடைய சொற்களாதலின் பிழையென்றே எவரும் உணரமாட்டார்.

புள்ளியின் நிலை இன்னும் நுட்பமானது. தொல்காப்பியம் மெய்க்கும், எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளி வகுத்தது. ஓலையில் எழுதியோர் அதைப் பெரும்பாலும் விட்டனர். பதிப்பித்தோர் யாப்பையும் பொருள்தொடர்பையும் துணைக்கொண்டு மீட்டனர். இலச்சினைக்கு அத்துணை இல்லை. அது முன்னும் பின்னும் சொல்லற்ற தனிச்சொல். பெரும்பாலும் படிப்பவர் முன்பு கேட்டிராத பெயர். எனவே ஏட்டில் பொறுக்கத்தக்க குறை இங்கே பொறுக்கத்தக்கதன்று. வாடிக்கையாளர் யகர ஒற்றின் புள்ளியை மட்டும் எண்ணெய்த் துளியாக்கக் கேட்டார். துளி புள்ளியின் வேலையைச் செய்யும் என்பதால் அதை முற்றிலும் மறுக்க இயலவில்லை. (அழகாக இருந்தது என்பதும் உண்மை.) ஒன்று துளியும் மற்றொன்று புள்ளியுமாக இருப்பின் துளி வெறும் அணியாகத் தோன்றிவிடும் என்று கூறி, இரண்டையும் துளியாக்க ஒப்புக்கொள்ளச் செய்ய வேண்டியிருந்தது.

ப-வை ஆங்கில யூ ஆகவும் ட-வை எல் ஆகவும் வெட்டி ஒட்டும் வழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது தேர்வே அன்று.

மரபை உணர்த்தத் தமிழ் எழுத்துக்குள்ளேயே வழி உண்டு என்பது கவனிக்கப்படுவதில்லை. பெரியார் 1935இல் தம் இதழில் கையாளத் தொடங்கிய சீர்திருத்த வடிவுகள் 1978இல் அரசாணையாயின. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய பதின்மூன்று எழுத்துகள் மாறின. அவற்றின் பழைய வடிவு ஒரு பெயரில் ஓரிடத்தில் நின்றாலே காலம் தெரிந்துவிடும். அதற்குச் செரிஃப் தேவையில்லை. எனினும் மாற்றத்திற்குப் பின் கற்ற தலைமுறை அதைத் தடுமாறிப் படிக்கக்கூடும். இக்கட்டுரையாளரும் அத்தலைமுறையே. ஆகவே இவ்வழியையும் வாசிப்புச் சோதனைக்குப் பின்னரே கொள்ளவேண்டும்.

பெயர்ப்பலகையில் தமிழ் முதன்மை பெறவேண்டும் என்பது 1948ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் பற்றிய விதிகள் வாயிலாகத் தமிழ்நாட்டில் நிலவும் சட்டநிலை. நடைமுறையில் அது அளவோடு முடிந்துவிடுகிறது: ஆங்கிலத்துக்கென வரையப்பட்ட இலச்சினைக்கு ஒட்டிவரும் தமிழ் பெரிதாக்கப்படுகிறது. வடிவில் எது முதல், எது வழி என்பதை விதி கேட்பதில்லை, வடிவமைப்பாளர் கேட்கலாம்.

மேற்குறித்த பணியில் கேட்டமரான் போல ஒன்பது கனங்களில் கிடைக்கும் எழுத்துரு உதவியது. ‘எண்ணெய்’ என்பதை ஒன்பதிலும் அச்சிட்டு, மூடியளவில் வெட்டி, ஒரு கை தொலைவில் வைத்துப் பார்த்ததில் ணகரத்தின் மூன்று சுழியும் தெளிவாக நின்றது நடுத்தரக் கனம் வரையில்தான். அக்கனத்தை அடிப்படையாகக் கொண்டு எழுத்துகள் கையால் திருத்தி வரையப்பட்டன. பக்கத்திலிருந்த ஃபியூச்சரா அதன் பின் தடித்துத் தெரிந்தது. ஒத்திசைவுக்காக ஆங்கிலப் பெயரின் கனமே குறைக்கப்பட்டது.