புகையை ஷெர்ரி மறைக்கிறதா?

ஷெர்ரி பீப்பாயில் ஃபினிஷ் செய்த விஸ்கி என்றாலே எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. சுமாரான சரக்குக்குக் கடைசி நேரத்தில் மேக்கப் போட்டு மேடையேத்துற வேலை என்றுதான் நினைச்சிருந்தேன். போன வாரம் போமோர் 15-ஐ நிதானமாகக் குடித்துப் பார்த்ததில் அந்த நினைப்பு பாதி உடைந்தது. மீதி இன்னும் இருக்கு.

முதலில் பின்னணி. போமோர், ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் 1779-இல் தொடங்கிய ஆலை. முளைகட்டிய பார்லியைக் காயவைக்கும்போது பீட் எரிப்பார்கள். அதாவது சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்துக் காயவைத்த மண்கட்டி. அந்தப் புகையிலுள்ள ஃபீனால்கள் தானியத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ச்சி வடித்த பிறகும் பாட்டில் வரை வந்துவிடும். இந்த விஸ்கி முதல் 12 வருடம் போர்பன் பீப்பாயிலும், கடைசி 3 வருடம் ஒலோரோசோ ஷெர்ரி பீப்பாயிலும் கிடந்தது. ஆல்கஹால் 43%.

நிறத்தை நம்பக்கூடாது. கேரமல் சாயம் சேர்க்க ஸ்காட்ச் சட்டமே இடம் கொடுக்கிறது. அதனால் அதே ஆலையின் 12 வருட விஸ்கியையும் சேர்த்து, இரண்டு கிளாஸிலும் காகிதம் சுற்றி, நண்பரை ஊற்றித் தரச் சொன்னேன்.

ஒரு கிளாஸில் புகையும் எலுமிச்சைத் தோலும் உடனே தெரிந்தன. அதுதான் 12. மற்றதில் உலர்திராட்சை, பேரீச்சை, டார்க் சாக்லேட். புகையைத் தேடவேண்டியிருந்தது. 'பாத்தியா, மறைச்சுட்டாங்க' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விழுங்கியதும் கதை மாறியது. இனிப்பு இறங்கின கையோடு, அணைந்த அடுப்பின் சாம்பல் வாசம் தொண்டையிலிருந்து மேலேறி வந்தது. நாலைந்து சொட்டுத் தண்ணீர் விட்டதும் இன்னும் தெளிவு.

குறையும் சொல்லணும். நடுநாக்கில் மெலிவாக இருக்கு. 15 வருடம் பொறுத்தவர்கள், தண்ணீர் கலக்கும்போது கொஞ்சம் கையைச் சுருக்கி 46%-இல் நிறுத்தியிருக்கலாம்.

மறுநாள் காலை, கழுவுமுன் காலி கிளாஸை முகர்ந்தேன். திராட்சை போயே போச்சு. புகை மட்டும் அப்படியே இருந்தது. ஃபீனால்கள் அவ்வளவு சீக்கிரம் ஆவியாகாது. ஷெர்ரி புகையை மறைக்கவில்லை, காக்கவைத்திருக்கிறது.

ஆக, ஃபினிஷ் என்றாலே ஒட்டுவேலை என்று இனி சொல்லமாட்டேன். மேலே பூசியதைத் தாண்டி அடியில் இருந்த சரக்கு எழுந்து வருதா என்பதே கேள்வி. இதில் வருது, தாமதமாக. முதல் முகர்விலேயே புகை வேணும்னா 12-ஐயே எடுங்க. காத்திருக்கத் தெரிந்தவர்களுக்கு இது.