கணக்கில் வராத படி

எரிக் வில்லியம்ஸின் ‘முதலாளித்துவமும் அடிமைமுறையும்’ 1944-இல் வந்தது. கரீபியன் கரும்புத் தோட்டங்களிலும் அடிமை வணிகத்திலும் கிடைத்த லாபம் பிரிட்டனின் தொழிற்புரட்சிக்கு உரமாயிற்று, அந்த லாபம் தேய்ந்தபோதுதான் அடிமை ஒழிப்புக்கும் வழி பிறந்தது என்பது அதன் வாதம். எவ்வளவு லாபம், அது எந்த அளவுக்கு உதவியது என்று பொருளியலாளர்கள் இன்றும் மல்லுக்கட்டுகிறார்கள். தாம்பரத்தில் நானும் சில மாணவிகளும் அதைப் படித்தபோது எங்களுக்குள் வந்த சண்டை வேறு. “அது அங்க நடந்ததுதானே மேடம், நமக்கென்ன?” என்றாள் ஒருத்தி. அவள் வீடு முடிச்சூரில். என் பாட்டி நடவு நட்ட நிலங்கள் இருந்த ஊர் அது.

நமக்கென்ன என்பதற்கு 1833-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறையை ஒழித்த அந்தச் சட்டம் உடைமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தது. அடிமைகளுக்கு ஒன்றுமில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதேசங்களை அந்தச் சட்டம் விலக்கியும் வைத்தது. விலக்கப்பட்டதில் எங்கள் செங்கல்பட்டும் அடக்கம். 1763-இல் ஆற்காடு நவாப் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்த சீமை இது. இங்கே ஏரிப்பாசன நிலத்தில் உழுது, நட்டு, அறுத்தவர்கள் பெரும்பாலும் மிராசுதாருக்குக் கட்டுப்பட்ட பறையர் குடும்பங்கள். விளைச்சலின் ஒரு பங்கு வரியாகக் கம்பெனிக்குப் போனது. அந்த வரிப்பணத்தில்தான் கம்பெனி படையையும் வணிகத்தையும் நடத்தியது. முடிச்சூர் வயலிலிருந்து மான்செஸ்டர் ஆலைக்கு நேராக ஒரு கோடு போட நான் தயாரில்லை. ஆனால் வரி என்ற வளைந்த பாதை ஒன்று இருக்கத்தான் செய்கிறது. வில்லியம்ஸ் அட்லாண்டிக்கை மட்டுமே பார்த்ததால் அவர் கண்ணில் அது படவில்லை.

1843-இன் ஐந்தாம் சட்டம், ஒருவரை அடிமை என்று உரிமை கோரினால் நீதிமன்றம் ஏற்காது என்றது. 1862-இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டம் ஆளை விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியது. ஏட்டில் எல்லாம் முடிந்துவிட்டது. ஆனால் 1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் எழுதிய அறிக்கையைப் பாருங்கள். கடன் பத்திரத்தால் கட்டுண்ட படியாட்கள். குடியிருக்கும் மனைகூட மிராசுதாருடையது. எதிர்த்தால் சேரியைவிட்டே துரத்தலாம். மறுவருடம் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்துக்கு மூலம். அந்த நிலத்தை மீட்கக் கேட்டதற்காக 1994-இல் இதே செங்கல்பட்டுப் பகுதியில் காரணைப் போராட்டத்தின்போது துப்பாக்கிச்சூடு நடந்து இரண்டு உயிர்கள் போயின.

ரூபா விஸ்வநாத்தின் ‘தி பறையா ப்ராப்ளம்’ (2014) இந்த அறிக்கையையும் அதைச் சுற்றிய காகிதங்களையும் துருவிப் பார்க்கிற நூல். மிராசுதாருக்கு ஆள் வேண்டும், சர்க்காருக்கு வரி வேண்டும்; இந்த இரண்டும் கைகோத்ததால் அடிமைத்தனம் சட்டத்துக்குப் பிறகும் பிழைத்தது, பிறகு அதை மதப் பிரச்சினை, சமூகப் பிரச்சினை என்று சொல்லி அரசியலிலிருந்து அப்புறப்படுத்தினார்கள் என்கிறார். எனக்கு மிகவும் பிடித்த நூல். ஆனால் அதை மூடிவைத்தபின் என்னைத் துளைத்தது ஒரே கேள்விதான்: பத்திரத்தில் கைநாட்டு வைத்தவன் படியாள் என்றால், அவன் மனைவி யார்?

பாட்டியிடம் ஒருமுறை கேட்டேன். “எழுத்து உங்க தாத்தா பேர்ல. வேலை ரெண்டு பேருக்கும். கூப்பிட்டா நான் போவணும், புள்ளையத் தூக்கிக்கினு போவணும்.” கூலி நெல் அளக்கும்போது பெண்ணுக்குக் குறைவாக விழும் என்றாள். அதைப் புகாராகச் சொல்லவில்லை, மழை பெய்யும் என்பதைப்போலச் சொன்னாள். படியாள் என்ற சொல்லிலேயே படி இருக்கிறது. அந்தப் படி அவளுடைய உழைப்பையும் சேர்த்து அளந்ததா என்று எந்தக் கலெக்டரும் தனியாக எழுதிவைத்ததாக நான் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் ஜெனிஃபர் மார்கனின் ‘லேபரிங் விமன்’ (2004) உதவியது. 1662-இல் வர்ஜீனியா காலனி ஒரு சட்டம் போட்டது: குழந்தையின் நிலை தாயின் நிலை. அதாவது அடிமைத் தாய்க்குப் பிறப்பது அடிமை, தகப்பன் எஜமானனாகவே இருந்தாலும். கருப்பையே மூலதனமாகிவிட்டது. மார்கன் அந்த மூலதனத்தைக் கணக்கில் கொண்டுவருகிறார். வில்லியம்ஸ் புத்தகத்தில் அது இல்லை. நம் ஊரில் அப்படி ஒரு சட்டம் தேவைப்படவில்லை, சாதியே போதும். சேரியில் பிறந்த குழந்தை யாருடைய ஆள் என்று எழுதிவைக்காமலே தெரியும். அடுத்த தலைமுறைப் படியாளைப் பெற்று, பசியோடு வளர்த்து, வயலுக்கு அனுப்பியவள் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை. மிராசுதாருக்குச் செலவே வைக்காத உற்பத்தி அது.

அன்று வகுப்பு முடியும்போது இன்னொரு மாணவி, 1984-இல் தொடங்கிய தாம்பரம் ஏற்றுமதி மண்டலத்தில் தையல் வேலைக்குப் போகும் தன் அக்காவும் அடிமைதான் என்றாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. குறைந்த கூலியும் நிற்கவிடாத இலக்கும் சுரண்டல்தான். ஆனால் அக்கா நாளைக்கே வேலையை விட்டுவிட்டு வேறு இடம் தேடலாம், சங்கமும் வைக்கலாம். அடிமை என்ற சொல்லை எல்லாவற்றின்மேலும் ஒட்டினால் அது மங்கிவிடும். செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் முன்பணம் வாங்கிப்போன இருளர் குடும்பங்களை அதிகாரிகள் மீட்டுவந்த செய்திகளை இந்த மாவட்டத்துக்காரர்கள் படித்திருப்போம். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்த பிறகும்தான். அங்கே பெரும்பாலும் முன்பணம் கணவன் கைக்கு, கல் அறுப்பதும் சுமப்பதும் மனைவிக்கும் சேர்த்து. அந்த வேலையை அடிமைத்தனம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

முடிச்சூர் மாணவி அடுத்த வாரம் தன் ஆயாவிடம் கேட்டுவந்தாள். ஆயா நெல் அளந்த மரக்கால் வீட்டுப் பரணில் இருக்கிறதாம், படம் எடுத்துக் காட்டினாள். இரண்டு கூலிக்கும் அதே மரக்காலா, வேறு வேறா என்று கேட்டேன். “அதைக் கேக்கலையே மேடம்” என்று உடனே ஆயாவுக்குப் போன் போட்டாள்.