பூட்டும் பத்து ரூபாயும்

இயற்கையைக் காக்கப் பரிசு உதவுமா, தண்டனை உதவுமா? இதற்கு ஒரே விடை தேடுவதுதான் தவறு என்று நினைக்கிறேன். கொங்கு நாட்டு ஆறும் அதற்கு அருகிலுள்ள மலையும் இரண்டு விடைகள் தருகின்றன.

திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவால் நொய்யல் ஆறு கெட்டது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கியது. அணைக்குக் கீழே விவசாயம் அழிந்தது. 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் லிட்டருக்கு 6 பைசா அபராதம் விதித்தது. மாதங்கள் போகப் போகத் தொகை ஏறும் என்றது. கழிவு நிற்கவில்லை. பட்டறையின் கணக்கில் சாயம், உப்பு, கூலியோடு அபராதமும் ஒரு செலவாகச் சேர்ந்துகொண்டது. 2011 ஜனவரியில் நீதிமன்றம் பட்டறைகளையே மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்டவை நின்றன. அதன் பிறகே கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாடு முழுமூச்சாக நடந்தது. அரசும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. வேலையிழந்த தொழிலாளர்கள் பட்ட பாட்டையும், அனுமதியில்லாப் பட்டறைகள் வேறு ஊர்களில் முளைத்ததையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அபராதத்தால் முடியாததைப் பூட்டு செய்தது.

நீலகிரிக் காட்டில் குடித்துவிட்டு வீசிய பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழித்தன. அங்கே தவறு செய்பவர் யாரென்றே தெரியாது. வளைவுக்கு வளைவு காவலர் நிற்கவும் முடியாது. உயர் நீதிமன்றத்தின் அழுத்தத்தால் 2022 மே மாதம் அங்குள்ள டாஸ்மாக் மதுக்கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கத் தொடங்கினார்கள். காலி பாட்டிலைக் கொடுத்தால் அது திரும்பக் கிடைக்கும். பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. குடித்தவருக்கு அந்தப் பணம் பெரிதில்லை என்றாலும், அவர் வீசியதைப் பொறுக்குபவருக்கு அது கூலி. வேலைப்பளுவும் இடநெருக்கடியும் கடை ஊழியர்கள் தலையில் விழுந்தன. அவர்களுடைய எதிர்ப்பு நியாயமானது.

கடமைக்குக் காசு கொடுத்தால் மனசாட்சி மழுங்கும் என்பார்கள். ஆனால் அந்தப் பத்து ரூபாய் குடித்தவரே முன்கூட்டிக் கட்டிய பணம்; இலவசமாக யாரும் எதுவும் பெறவில்லை. மனசாட்சி வளரும்வரை யானை காத்திருக்கவும் முடியாது.

ஆகவே என் முடிவு இது: ஆயிரம் கைகள் செய்யும் சிறு கேட்டுக்குத் திரும்பக் கிடைக்கும் முன்பணம்; கழிவால் லாபம் பார்க்கும், குழாய் எங்கே என்று தெரிந்த ஆலைக்குப் பூட்டு. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் சிறு அபராதத்தைத்தான் நம் சட்டங்கள் அதிகம் நம்புகின்றன. அதைத்தான் முதலில் கைவிட வேண்டும்.