கட்சி மாறியவரா யான் சிகோல்ட்?

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த அன்பர்களிடம், "அச்சுப் பக்க வடிவமைப்பைப் பற்றி எழுதட்டுமா?" என்றேன். "அதிலே எழுத என்ன சார் இருக்கு?" என்றார்கள். முப்பது வருஷம் ப்ரூஃப் திருத்திக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவனிடம் கேட்கிற கேள்வியா இது!

இருபதாம் நூற்றாண்டின் வரைகலை வடிவமைப்பு வரலாற்று நூல்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன. 1920களில் ஜெர்மனியில் நவீனத்துவம் எழுந்தது. சுவிட்சர்லாந்தில் சட்டதிட்டமாக இறுகியது. பிறகு பின்நவீனத்துவர்கள் வந்து உடைத்தார்கள். இந்தக் கதைக்குள் அடங்க மாட்டேன் என்கிறார் ஒருவர். அவர் யான் சிகோல்ட்.

1902இல் லைப்சிக் நகரில், பெயர்ப்பலகை எழுதுகிறவரின் மகனாகப் பிறந்தவர். 1923இல் வைமாரில் பௌஹவுஸ் கண்காட்சியைப் பார்த்தவர் ஆளே மாறிப்போனார். 1928இல் 'புதிய அச்சுக்கலை' என்ற நூலை வெளியிட்டார். தலைப்பை நடுவில் நிறுத்துவதும் பூவேலை பார்டரும் பழைய குப்பை. எழுத்தின் முனைகளில் கீற்று இல்லாத சான்ஸ் செரிஃப்தான் இக்காலத்துக்கு உரியது என்றார். காரமான வாதம்தான், ஆனால் வெறும் கோஷமல்ல. அவசரத்தில் படிக்கிறவனுக்குச் செய்தி சட்டென்று எட்ட வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

1933 மார்ச்சில் நாஜி அரசு அவரைக் கைது செய்தது. சில வாரங்களில் வெளியே வந்து, குடும்பத்தோடு சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கேதான் மெல்ல மெல்லப் பழைய எழுத்துக்கும் நடுவில் வைத்த தலைப்புக்கும் திரும்பினார். இதை 1946இல் மாக்ஸ் பில் என்ற சுவிஸ் வடிவமைப்பாளர் கடுமையாகச் சாடினார். நம் வடக்கத்தி பாஷையில் சொன்னால், 'ஆயா ராம், கயா ராம்' என்கிற குற்றச்சாட்டு.

சிகோல்டின் பதில் யாரும் எதிர்பாராதது. தம் இளமைக் கொள்கையின் விட்டுக்கொடாத பிடிவாதமும், எல்லாவற்றையும் ஒரே ஒழுங்கில் நிறுத்தும் ஆசையும், தம்மைச் சிறையில் அடைத்தவர்களின் மனப்போக்குக்கு உறவு என்றார். இது மிகை என்பதே என் எண்ணம். நாஜிகள் 1941 வரை தூக்கிப் பிடித்தது ஃப்ராக்டுர் என்ற பழைய ஜெர்மன் எழுத்தை அல்லவா?

ஆனால் ஒப்பீட்டைத் தள்ளினாலும் அடியில் இருந்த கேள்வி தள்ளுபடியாகாது. சுவரொட்டிக்கு உதவுகிற ஒழுங்கு, முந்நூறு பக்க நாவலுக்கும் உதவுமா? 1947 முதல் 1949 வரை இங்கிலாந்தில் பெங்குவின் நிறுவனத்தில் இருந்து இதற்கு விடை தந்தார். அச்சுக்கோப்பவர்களுக்கு நான்கு பக்க விதிகள். ஐந்நூறுக்கு மேற்பட்ட நூல்களின் சீரமைப்பு. சொற்களுக்கு இடையே இடைவெளி குறுகலாக இருக்கட்டும் என்பது முக்கியமான விதி. இடைவெளி அகன்றால் வரிக்கு வரி வெள்ளை வாய்க்கால் ஓடும்; கண் பக்கவாட்டில் போகாமல் கீழே வழுக்கும். இந்த வாய்க்காலை அடைக்கச் சொல்லிக் கம்பாசிட்டர்களிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமா நஞ்சமா!

கட்சி மாறியவர் என்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அவர் கைவிட்டது ஒரு தோற்றத்தை, வாசகனை அல்ல.

அவர் விட்டுவந்த ஒழுங்கு சுவிஸ் கைகளில் பெரிதாக வளர்ந்தது. 1957இல் வார்த்த ஓர் எழுத்து 1960இல் ஹெல்வெடிகா என்று பெயர் மாறி, உலகக் கம்பெனிகளின் சீருடையாயிற்று. 1968இல் பாசல் பள்ளியில் ஆசிரியராக வந்த வுல்ஃப்காங் வைன்கார்ட் அந்தச் சீருடையைக் கலைத்தார். அச்சுக்கோக்கும் தொழில் பயின்றவர் என்பதால், உடைத்தாலும் எதை உடைக்கிறோம் என்று தெரிந்தே உடைத்தார். 1984இல் மாக்கின்டோஷ் கணினி வந்தபின் அந்தக் கைப்பயிற்சி தேவையில்லாமல் போனது.

அதன் உச்சம் அமெரிக்காவில் டேவிட் கார்சன் வடிவமைத்த 'ரே கன்' இசை இதழ். 1994இல் பாடகர் பிரையன் ஃபெர்ரியின் பேட்டி சுவாரஸ்யமில்லை என்று தோன்றியதால், முழுவதையும் ஜாஃப் டிங்பாட்ஸ் என்ற சின்ன எழுத்துருவில் அச்சிட்டார். நட்சத்திரமும் அம்புக்குறியுமாக ஒரு பேட்டி! வரலாற்று நூல்கள் இதைத் துணிச்சல் என்கின்றன. எனக்கு அது ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்த வடிவமைப்பாளரின் கொட்டாவியாகத்தான் படுகிறது. 1946இன் கலகம் வாசகனுக்காக. 1994இன் கலகம் யாருக்காக?

இன்னொரு சங்கதி. அதே இதழின் பின்பகுதியில் அந்தப் பேட்டி முழுவதும் படிக்கக்கூடிய எழுத்தில் மறுபடி அச்சாகியிருக்கிறது.