உப்பில் தழைக்கும் உமரி

நாஞ்சில் நாட்டு வயல்களை நனைத்துவிட்டுப் பழையாறு மணக்குடியில் கடலைச் சேர்கிறது. பக்கத்தில்தான் சாமித்தோப்பு உப்பளங்கள். நெல் நிற்காத இத்தகைய உவர்மண்தான் உமரி என்னும் கீரைச்செடிக்கு உகந்தது.

இலை தட்டையாக இராது. சதைப்பற்றுள்ள குட்டிக் குச்சி போலிருக்கும். வேர் உறிஞ்சும் உப்பை இலைச் செல்களின் நுண்பைகளில் அடைத்து, அந்த உப்பின் பலத்தாலேயே நீரை இழுத்துக்கொள்கிறது. உவர் ஏற ஏறச் செடி சிவக்கும். பீட்ரூட்டைச் சிவக்க வைக்கும் நிறமியின் இனம்தான் அது. என்ன அழகு!

தாவரவியலில் இதன் பேரினம் சுவேடா. பெயர் அரபு மண்ணிலிருந்து வந்தது. தாவரவியல் அறிஞர் லின்னேயஸின் மாணவர் பீட்டர் ஃபோர்ஸ்கால், டென்மார்க் அரசு அனுப்பிய குழுவோடு எகிப்துக்கும் ஏமனுக்கும் சென்றவர். உள்ளூர் மக்கள் சொன்ன பெயர்களையும் அக்கறையாகக் குறித்துக்கொண்டார். கருமையைச் சுட்டும் அரபுச் சொல்லிலிருந்தே சுவேடா பிறந்தது. 1763-இல் ஏமனில் மலேரியா அவரைக் கொண்டுபோனது. குறிப்புகளைத் தோழர் நீபூர் 1775-இல் நூலாக்கினார். ஊர்க்காரர் வாயில் வழங்கிய சொல்லை அறிவியலில் ஏற்றிய அந்த மனிதர் நம் வணக்கத்துக்குரியவர்.

தமிழில் உமரி ஊர்ப்பெயரிலும் உண்டு: தூத்துக்குடி மாவட்டத்தில் உமரிக்காடு.

சமையலில் ஒரே கவனம் உப்பு. தளிரை வேகவைத்து, நீரை வடித்துப் பிழிந்து, தேங்காயும் சிறுபருப்பும் சேர்த்துத் துவரன் வைக்கலாம். சட்டியில் தனியாக உப்புப் போடவே வேண்டாம்.