நேரில் எஞ்சின், வளைவில் ஆள்

காணும் பொங்கலன்று திருக்கடையூர் ரேக்ளாப் பந்தயத்துக்குப் போகிறவர்கள் இரண்டு வகை. ஒரு வகையார் எல்லைக்கோட்டருகே இடம் பிடித்து, யார் முதலில் வந்தது என்று பார்ப்பார்கள். இன்னொரு வகையார் வண்டிகள் திரும்புகிற இடத்தில் போய் நிற்பார்கள். என் அப்பா இரண்டாம் வகை. "நேர் ரோட்டுல மாடு ஓடும்டா. திரும்புற எடத்துலதான் சாரதி தெரிவான்" என்பார். மாட்டைப் பற்றி எனக்கு அதற்கு மேல் எதுவும் தெரியாது. ஆனால் நாற்பது வருடமாக மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் பார்த்தும் படித்தும் வருகிற எனக்கு அப்பாவின் அந்தப் பேச்சுதான் இன்றுவரை அளவுகோல்.

எங்கள் ஊர் கீழவாஞ்சூரில் பந்தயத் தளம் கிடையாது. வடக்கே காரைக்கால், தெற்கே நாகூர், கிழக்கே துறைமுகமும் கடலும், ஊரை ஒட்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலை. பி.ஒய். 02 என்று தொடங்கும் எண்பலகை மாட்டிய வண்டிகளுக்கு இங்கே பஞ்சமில்லை. வேகத்தைப் பற்றிப் பேசுகிற வாய்களுக்கும் பஞ்சமில்லை. டீக்கடையில் நடக்கும் அந்த வாக்குவாதத்தைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதித் தரும்படி இந்த மலரின் குழுத் தம்பிகள் கேட்டார்கள். எழுதுகிறேன்.

ஸ்பீட்வே என்பது எது?

கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2003 முதல் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' இருக்கிறது. விமான விபத்தில் 1995-இல் மறைந்த கார்ப் பந்தய வீரர் கரிவர்தனின் பெயர் தாங்கிய நல்ல தளம். ஆனால் அது தார்த் தளம். பைக் பந்தய உலகம் ஸ்பீட்வே என்று சொல்வது வேறு ஆட்டம். ஆஸ்திரேலியாவின் மெயிட்லாண்ட் ஊரில் 1923-இல் ஜானி ஹாஸ்கின்ஸ் நடத்திய பந்தயங்களிலிருந்து அதன் கதையைத் தொடங்குவது வழக்கம். சுமார் 260 முதல் 425 மீட்டர் சுற்றளவுள்ள முட்டை வடிவ மண் தளம். ஒரே நேரத்தில் நான்கு பேர். இடப்பக்கமாக நான்கு சுற்று. ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும், முடிந்துவிடும்.

வண்டி இன்னும் விசித்திரம். 500 சிசி ஒற்றை சிலிண்டர், ஒரே கியர், எரிபொருள் மெத்தனால். பிரேக் என்பதே கிடையாது. எங்கள் எல்லையோர மதுக்கடைகளில் ஆள் குடிக்கிறார், வண்டி தள்ளாடுகிறது. ஸ்பீட்வேயில் எஞ்சின் குடிக்கிறது, ஆள் நிதானமாக இருக்கிறார். வளைவு வந்ததும் இரும்புத் தகடு கட்டிய இடது காலை மண்ணில் இழுத்தபடி பின்சக்கரத்தை வெளிப்பக்கம் சறுக்கவிடுவார். வண்டி இடப்பக்கம் திரும்பிக்கொண்டிருக்கும், முன்சக்கரமோ வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். வேகத்தைக் குறைக்கிற வேலையை அந்தச் சறுக்கலே செய்கிறது. நியூசிலாந்தின் ஐவன் மாகரும் சுவீடனின் டோனி ரிக்கார்ட்சனும் இந்தச் சறுக்கலில்தான் ஆளுக்கு 6 முறை உலகப் பட்டம் வென்றார்கள்.

இதில் நமக்கும் ஓர் உறவு இருக்கிறது. ஸ்பீட்வே எஞ்சின் செய்து பேர் வாங்கிய கம்பெனிகளில் ஒன்று செக் நாட்டு ஜாவா. அந்த ஜாவாவைத்தான் 1961 முதல் மைசூரில் ஐடியல் ஜாவா தயாரித்தது. பின்னால் அது யெஸ்டி ஆயிற்று. ஆக, நம் பக்கத்து மிராசுதார்கள் களத்துமேட்டுக்கு ஓட்டிப்போன யெஸ்டிக்கு ஐரோப்பாவில் பிரேக் இல்லாத பங்காளி ஒருவன் இருந்திருக்கிறான். ஆனால் ஸ்பீட்வே நம் மண்ணில் வேர் பிடிக்கவில்லை. தமிழ்நாட்டில் வளர்ந்த பந்தய மரபை நான்கு பள்ளிகளாகப் பார்க்கிறேன்.

ஓடுபாதைப் பள்ளி

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயத் திடலாக்கியது. காரும் பைக்குமாக நாடு முழுவதிலிருந்தும் வருவார்கள். 80களின் பிற்பகுதியில் மாமாவோடு ஒருமுறை போனேன். வெயில், புழுதி, எண்ணெய் நாற்றம், காது அடைக்கும் சத்தம். திரும்பி வரும்போது இரண்டு நாளைக்குப் பேச்சு சரியாகக் கேட்கவில்லை.

விமானத்துக்காகப் போட்ட பாதை நேராகத்தானே இருக்கும்? அதனால் அங்கே எஞ்சினுக்கே மரியாதை. ராஜ்தூத் 350 போன்ற இரட்டை சிலிண்டர் வண்டி நேர்ப்பாதையில் பறந்தால் கூட்டம் எழுந்து நின்றது. யார் கடைசி நொடியில் பிரேக் பிடிப்பது என்பதே வீரம். துணிச்சலை வளர்த்த பள்ளி அது. நுணுக்கத்தை வளர்த்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அது இல்லாமல் மற்ற மூன்றும் பிறந்திருக்காது.

பட்டறைப் பள்ளி

1985-இல் யமஹா ஆர்எக்ஸ் 100 வந்தது. 98 சிசி, 11 குதிரைத்திறன். காகிதத்தில் சாதாரணம்தான். ஓசூரிலிருந்து வந்த சுசுகி வண்டிகளும், 1993-இல் வந்த ஷோகனும் சேர்ந்து ஊருக்கு ஊர் ஒரு மேதையை உருவாக்கின. அவர்தான் மெக்கானிக்.

இவையெல்லாம் டூ ஸ்ட்ரோக் வண்டிகள். டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் சிலிண்டர் தலையில் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளைப் பிஸ்டனே திறந்து மூடுகிறது. துளையை ஓர் இம்மி மேலே ராவினால் வண்டியின் குணமே மாறும். சைலென்சரும் வெறும் புகைக்குழாய் அல்ல. அதன் பருத்த வயிற்றில் மோதித் திரும்பும் அழுத்த அலை, வெளியே நழுவப் பார்க்கும் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளுகிறது. அந்த அலை சரியான நேரத்துக்கு வருவது ஒரு குறுகிய சுழற்சி வேகத்துக்குள் மட்டும். அதற்குக் கீழே வண்டி தூங்கும். உள்ளே வந்தால் உதைக்கும். அதனால் டூ ஸ்ட்ரோக்கில் பழகியவர் வளைவிலும் எஞ்சினைத் தூங்கவிடமாட்டார். வளைவை அறிந்த முதல் பள்ளி இதுதான் என்பது என் கட்சி.

இந்தப் பள்ளியின் வாத்தியார்கள் கணினி பார்த்ததில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கருத்துப் பிசுபிசுத்தால் அதிகம், காப்பிப்பொடி நிறமானால் சரி. சென்னைக்குப் போனால் புதுப்பேட்டையில் உதிரிபாகம் தேடுவார்கள். அரைகுறைகளும் இருந்தார்கள். என் ஆர்எக்ஸின் ஹெட்டைச் சீவி "ராக்கெட் ஆக்கித் தரேன்" என்றார் ஒருவர். ராக்கெட் திருமலைராயன்பட்டினம் தாண்டுவதற்குள் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த அந்த மத்தியானத்தில் பந்தயத்தின் இரண்டாவது அளவுகோலைக் கற்றேன். கடைசிச் சுற்றுவரை வராத வேகம் வேகமே அல்ல.

தேசியப் பட்டங்கள் பல வென்ற சென்னையின் ஆர்.ஏ. அப்துல்லா டூ ஸ்ட்ரோக் காலத்து ஆள். அவர் மகள் அலிஷா அப்துல்லா பின்னால் ஆண்களோடு சரிக்குச் சரி மோதி, பெண்களுக்கான பாதையைத் திறந்தார். சென்னையின் சரத்குமார் 2011-இல் உலக கிராண்ட் பிரீயின் 125 சிசி பிரிவில் ஓட்டியபோது இந்தியாவிலிருந்து அந்த மேடை ஏறிய முதல் ஆளானார். அந்தப் பிரிவுக்கு அதுவே கடைசி ஆண்டு. அடுத்த ஆண்டு ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டோ3 வந்துவிட்டது. நம்மவர் வாசலில் கால் வைத்தபோது டூ ஸ்ட்ரோக் பின்வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

தொழிற்சாலைப் பள்ளி

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் பந்தயத்துக்கென்றே ஒரு தளம் வந்தது. 3.717 கிலோமீட்டர், 12 திருப்பங்கள். டிவிஎஸ் 1982-லேயே பந்தய அணி வைத்துவிட்டது. 1994 முதல் எல்லோருக்கும் ஒரே மாதிரி வண்டி கொடுத்து ஓட்டவிடும் பந்தயத்தையும் நடத்திவருகிறது. ஹோண்டா தன் பங்குக்கு என்எஸ்எஃப் 250 ஆர் என்ற அசல் பந்தய வண்டியில் இளைஞர்களை ஏற்றியது. ராயல் என்ஃபீல்டு 2021-இல் கான்டினென்டல் ஜிடியை வைத்தே ஒரு கோப்பை தொடங்கியது.

டீக்கடையில் பாதிப் பேருக்கு ஒரே மாதிரி வண்டி பிடிக்காது. "எல்லாருக்கும் ஒரே வண்டின்னா அப்புறம் என்ன பந்தயம்?" என்பார்கள். நான் நேர்மாறு. ரேக்ளாவில் பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு என்று பிரித்து விடுவது ஏன்? மாட்டின் பலம் கழிந்தால்தான் சாரதியின் பலம் தெரியும். எஞ்சின் சமமானால் நேர்ப்பாதையில் ஒட்டிக்கொண்டே போவார்கள், பிரிவது வளைவில்தான். ஜெகன் குமார் தேசியப் பட்டங்களை அடுக்கியதும், ராஜினி கிருஷ்ணன் மலேசியா வரை போய் ஓட்டியதும், ராஜீவ் சேது ஆசியப் போட்டியில் ஹோண்டாவுக்காக நின்றதும் இந்த உலைக்களத்தில் காய்ந்துதான்.

ஒரு குறை உண்டு. பட்டறைக்காரரின் காதுக்கு இங்கே வேலை இல்லை. அவர் வாசலில் நின்று வேடிக்கை பார்க்கிறார்.

மண் பள்ளி

நான்காவது பள்ளிக்குக் கட்டடமே இல்லை. கோவைப் பக்கமும் ஓசூர்ப் பக்கமும் காலித் திடல்களில் நடந்த மண் தளப் பந்தயங்கள், மோட்டோகிராஸ், ரேலி. இங்கே சக்கரம் தரையைப் பிடிக்காது என்பதே முதல் பாடம். பிடிக்காத தரையில் நிலைகுலையாமல் இருப்பது இரண்டாவது. இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதல்ல, தென்னிந்தியா முழுவதற்கும் பொது. பெங்களூரின் சி.எஸ். சந்தோஷ் 2015-இல் டக்கார் ரேலியை முடித்த முதல் இந்தியரானார். ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-இல் பாஹா உலகக் கோப்பையின் பெண்கள் பட்டத்தை வென்றார். கேரளத்தின் ஹரித் நோவா 2024 டக்காரில் ஒட்டுமொத்தமாக 11-ஆம் இடம், தன் பிரிவில் முதலிடம்.

ஸ்பீட்வேக்கு மிக அருகில் இருப்பது இந்தப் பள்ளிதான். 300 மீட்டர் மண் வட்டம் போட ஒரு மைதானம் போதும் என்று தம்பிகள் என்னிடம் கணக்குச் சொல்கிறார்கள். எங்கள் களிமண் வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும், கடற்கரை மணல் சக்கரத்தை விழுங்கும். வெளியிலிருந்து செம்மண்ணும் கல்தூளும் கொண்டுவந்து இறுக்க வேண்டும். சுற்றிலும் தடுப்பு, ஆம்புலன்ஸ், மருத்துவர் வேண்டும். இதையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு வாருங்கள் என்றேன். இன்னும் வரவில்லை.

எதை வைத்து அளப்பது?

நான்கு பள்ளிகளுக்கும் பொதுவாக நான் வைத்திருக்கும் அளவுகோல்கள் மூன்று. வளைவுக்குள் எவ்வளவு வேகமாக நுழைந்தார் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் நிமிர்ந்து முறுக்கைத் திறந்தார் என்று பார்ப்பேன். வண்டி கடைசிச் சுற்றுவரை வந்ததா என்று பார்ப்பேன். மஞ்சள் கொடி காட்டினால் முந்தாமல் அடங்கினாரா என்று பார்ப்பேன். மூன்றாவதைப் பலர் அளவுகோலாகவே எண்ணுவதில்லை. 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டையில் தேசியப் பந்தயத்தின்போது 13 வயதுச் சிறுவன் ஒருவன் விழுந்து இறந்தான். தளமும் தடுப்பும் கொடியும் கவச உடையும் இருந்த இடத்திலேயே அப்படி. இவை எதுவுமில்லாத கடற்கரைச் சாலையில், காற்று வாரிப்போட்ட மணல்மேல், எதிரே லாரி வர முறுக்குகிறவனை எந்தப் பள்ளியில் சேர்ப்பது? நான்கிலும் அவனுக்கு இடமில்லை.

போன மாதம் சாலை வளைகிற இடத்தில் நின்றிருந்தேன். அப்பாவின் பழக்கம், விடவில்லை. மூன்று வண்டிகள் நாகூர்ப் பக்கமிருந்து விரட்டிக்கொண்டு வந்தன. தலையில் மீன்கூடையோடு ஓர் அம்மா சாலையைக் கடந்தார். முன்னால் வந்த பையன் முறுக்கை விட்டு, பதறாமல் இரண்டு பிரேக்கையும் பிடித்து, வண்டியை நேராக நிறுத்தி, அம்மா போகும்வரை காலூன்றி நின்றான். பின்னால் வந்த இரண்டு பேரும் ஓரமாக நழுவி முந்திப் போய், டீக்கடை வாசலில் நின்று அவனைக் கேலி செய்தார்கள். "தோத்துட்டான் மாமா இவன்" என்றான் ஒருவன் என்னிடம்.

அவனுக்கு மட்டும் ஒரு டீ சொன்னேன்.